ஏறும்போது இல்லாத பெயர்

ஆரோக்கியசெல்வியை அந்தக் கம்பெனிக்காரர்கள் 'லோக்கல் லேபர்' என்று எழுதினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவளுக்கு ஆறியிருக்கலாம். கோபம் வந்தால் கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறவள் அவள். நான் நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கிறவள். நினைத்து நினைத்துப் புழுங்க எனக்கு நேரம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் என்னுடைய ஸ்டேஷனரி கடை. விஜயலட்சுமி ஸ்டோர்ஸ் என்று போர்டு இருக்கும், அந்த விஜயலட்சுமி நான்தான். எதிர் வரிசையில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று உண்டு. அது செல்வியின் பட்டறை. பாறையில் மோதி வயிறு கிழிந்த ஃபைபர் டிங்கிப் படகுகளை மினி லாரியில் கொண்டுவந்து அங்கே கவிழ்த்துப் போடுவார்கள். அவள் கிழிசலைச் சுரண்டி, கண்ணாடி நார் விரிப்பை வைத்து, மேலே ரெசின் பசையைத் தடவி, உருளையால் அழுத்தி அழுத்தி உட்காரவைப்பாள். அந்த வாடை தெரு முழுக்க அடிக்கும். என் கடைக்கு வரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பென்சில் வாங்குவார்கள். எனக்குப் பழகிவிட்டது.

அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து படகு வேலைக்கு இங்கே வந்தவர். அண்ணன் அல்போன்ஸுக்கு ஜங்லிகாட் ஜெட்டியில் சொந்தமாக ஒரு படகு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு மெயின்லேண்டிலிருந்து நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. படகு வந்ததே தவிர, உடைந்தால் ஒட்ட ஆளில்லை. அதற்காக ஒரு பயிற்சி நடத்தினார்கள். பெண்களும் சேர்ந்தார்கள். தையல், ஊறுகாய் என்று பயிற்சிக்குப் போகிற மாதிரி பலரும் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தார்கள். செல்வி ஒருத்திதான் அதைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கையெல்லாம் ரெசின் பட்டுக் காய்த்துக் கிடக்கும்.

ராக்கெட் கதை நந்தகுமாரால் வந்தது. மின்சாரத் துறையில் ஜூனியர் இஞ்சினியர் அவன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அவனுடைய அப்பா அரசு வேலைக்காக இராமநாதபுரத்திலிருந்து வந்தவர். அவனும் அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தரும் நளினி டீச்சரும் இன்னும் சிலரும் சேர்ந்து விடுமுறை நாட்களில் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். தீபாவளி ராக்கெட் இல்லை. அவர்களே கணக்குப் போட்டு, குழாய் செய்து, எரிபொருள் அடைத்து, பெரார்கஞ்சில் முருகானந்தம் என்கிற விவசாயியின் வயலில் அறுப்பு முடிந்த பிறகு விடுவார்கள். குழாய்தான் ஒவ்வொரு தடவையும் பிளந்தது. ஒருநாள் பிளந்த குழாயைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு நந்தகுமார் செல்வியிடம் வந்தான். ஒட்டித் தர முடியுமா என்று கேட்டான். எதற்கு என்று அவள் கேட்டதும் தயங்கினான். சொன்னால் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள் போல. ராக்கெட் என்றான். கடைசியில் விண்வெளிக்குப் போவதுதான் எண்ணம் என்றும் சொன்னான்.

செல்வி சிரிக்கவில்லை. விண்வெளி எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டாள். நூறு கிலோமீட்டர் உயரத்தில் என்றான்.

"பாராடாங் தீவுக்குப் போற தூரந்தானா? நான் என்னமோன்னு நினைச்சேன்" என்றாள் அவள்.

அந்தப் பழைய குழாயை ஒட்டவே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று சுற்றிக் கொடுத்தாள். அது வயலிலிருந்து கிளம்பி மேகத்துக்குள் போனபோது மற்றவர்கள் எல்லாம் கத்திக் குதித்தார்களாம். அவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நளினி சொன்னாள். பிறகு, அடுத்தது எப்போது என்று கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். நந்தகுமாரும் நளினியும் வருவார்கள். வருஷத்துக்கு வருஷம் குழாய் தடித்தது, நீண்டது. நிறையத் தோற்றார்கள். ஒரு தடவை சோதனை மேடையிலேயே வெடித்து முருகானந்தத்தின் வாழையெல்லாம் கருகிப்போனது. இன்னொரு தடவை மீனுக்கு வெடி தயாரிக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட, போலீஸ் வந்து நின்றது. எல்லாவற்றையும் கடந்து, ஒரு கட்டத்தில் அவர்களுடைய ராக்கெட் பல கிலோமீட்டர் ஏறி, பாராசூட்டில் பத்திரமாக இறங்கவும் செய்தது. இதற்குமேல் வயலில் விட முடியாது, கடலில் மிதவை மேல் நிறுத்தித்தான் விட வேண்டும், அதற்கு முறையான அனுமதி வேண்டும் என்று ஆனது.

அங்கேதான் மாட்டினார்கள். ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் இது டெல்லி விஷயம் என்றார்கள். டெல்லிக்கு எழுதினால் உங்கள் ஊர் நிர்வாகத்தைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஒருவர், ராக்கெட் விட ஆசையாக இருந்தால் மெயின்லேண்டுக்குப் போய் விடுங்களேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லாத கடல் கிடக்கிறது. இதைவிட்டு ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்கிற இடத்துக்குப் போய் விட வேண்டுமாம்.

எங்கள் ஊரில் வானத்தை அவ்வப்போது மூடிவிடுவார்கள். ஏதோ ஏவுகணைச் சோதனை என்று அறிவிப்பு வரும். அன்றைக்கு விமானம் கிடையாது. ஆஸ்பத்திரிக்காகச் சென்னைக்குப் போக வேண்டியவர்களும் பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் மூட்டையோடு காத்துக் கிடப்பார்கள். நாங்கள் அதைக் கேள்வி கேட்டதில்லை. தேசத்துக்காக என்று பொறுத்துக்கொள்வோம். செல்வி அதைத்தான் அந்த அலுவலகத்தில் தீவு ஹிந்தியில் கேட்டிருக்கிறாள். எங்கள் தலைக்கு மேலே எல்லோரும் விடுகிறார்கள், நாங்கள் மட்டும் விடக் கூடாதா என்று. அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஃபைபர் வேலை செய்கிற அம்மாவுக்கு இதெல்லாம் எதற்கு என்றாராம். நளினிதான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

இப்படி வருஷங்கள் போய்க்கொண்டிருந்தபோது ரவிச்சந்திரன் வந்தார். சென்னையில் 'நீள்வான்' என்று ஒரு விண்வெளிக் கம்பெனி நடத்துகிறவர். நந்தகுமார் இணையத்தில் போட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்திருந்தார். நன்றாகப் பேசுவார். கொட்டகைக்கு வந்து குழாயைத் தடவிப் பார்த்து, அம்மா, உங்கள் கை தங்கக் கை என்றார். என் கடையில்தான் உட்கார்ந்து டீ குடித்தார். அனுமதி விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த மாதமே அனுமதி வந்துவிட்டது.

எங்கள் ஆட்கள் வருஷக்கணக்காகப் படியேறிக் கேட்டது. அவர் கேட்டதும் கிடைத்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டபோது செல்விக்கு அந்த இடத்திலேயே முதல் கோபம் வந்தது. நேற்று வரைக்கும் ஆபத்தாக இருந்த கடல் இன்றைக்கு எப்படிப் பத்திரமானது என்று கேட்டாள்.

இரண்டாவது கோபம் ஒப்பந்தத்தால் வந்தது. ராக்கெட் நீள்வான் கம்பெனியின் பெயரில் போகும், எங்கள் ஆட்கள் உள்ளூர் உதவியாளர்கள் என்று அதில் இருந்தது. நந்தகுமார் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் சொன்னான்.

"மேலே போனாப் போதும் செல்வி. யார் பேர்ல போனா என்ன?" என்றான்.

"என் பேரப் போடாட்டி போட்டும் சார். செய்யாதவன் பேரப் போட்டா அது பொய்யில்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனை ரொம்பவும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காத்திருந்து காத்திருந்து அவனுடைய தலைமுடி நரைக்க ஆரம்பித்திருந்தது. செல்வியும் விலகவில்லை. திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தாள். அந்த ராக்கெட் மேலே போவதைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை அவளுக்கும் இருந்ததே.

இதுவரை செய்ததிலேயே பெரியது அது. கொட்டகை கொள்ளாத நீளம். அதனால் உடலை இரண்டு துண்டாகச் சுற்றி, நடுவில் ஒட்டிச் சேர்ப்பது என்று முடிவு செய்தாள். மழை விட்ட காலத்தில்தான் அந்த வேலை செய்ய முடியும். காற்றில் ஈரம் இருந்தால் ரெசின் சரியாகப் பிடிக்காது. இரும்பு உருளையின் மேல் நாரைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ரெசினைத் தடவி, முழங்கால் வலிக்க அவள் குந்தியிருந்ததை நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். படகுக்காரர்கள் வந்து எங்கள் டிங்கி எப்போது கிடைக்கும் என்று சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டினாள். அந்த வாரம் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. ஒட்டைத் தொட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். காய்ந்துவிட்டது, எடுத்துப் போகலாம் என்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அதைப் பின்னால் அவளே சொன்னாள்.

ஹேவ்லாக் தீவில் ஒரு பெரிய ரிசார்ட்டின் கடற்கரையில் பந்தல் போட்டார்கள். ராக்கெட்டைத் தூரத்தில் கடலில் ஒரு மிதவையில் நிறுத்தியிருந்தார்கள். மெயின்லேண்டிலிருந்து விருந்தாளிகள் விமானத்தில் வந்திருந்தார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டு நளினியோடு கப்பலில் போயிருந்தேன். வாசலில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். நந்தகுமாருக்கும் நளினிக்கும் 'உள்ளூர் அணி' என்று இருந்தது. செல்விக்குக் கொடுத்த அட்டையில் 'உதவிப் பணியாளர்' என்று போட்டிருந்தது. அதே அட்டைதான் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற பையன்களின் கழுத்திலும். அந்த அட்டைக்காரர்கள் சமையல் பந்தல் பக்கம்தான் நிற்க வேண்டும். செல்வி அட்டையை வாங்கி, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பந்தலுக்குள் வராமல், அல்போன்ஸின் படகு நின்றிருந்த பக்கம் மணலில் போய் நின்றுகொண்டாள். விழுவதைப் பொறுக்கி வருவதற்கு அல்போன்ஸின் படகைத்தான் பேசி வைத்திருந்தார்கள்.

ரவிச்சந்திரன் மைக்கில் பேசினார். பெரிய திரையில் படம் ஓடியது. வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்ட இளைஞர்கள் பளபளப்பான ஒரு கூடத்தில் ஏதோ ஒரு குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த ராக்கெட்டின் உடல் எங்கள் சென்னை ஆய்வுக்கூடத்தில் உருவானது என்று அவர் சொன்னார். நான் என் காதால் கேட்டேன். அந்தக் குழாய்க்காக அவள் குந்தியிருந்த இடம் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். திரும்பி செல்வியைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது. கடலைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

பிறகு அது கிளம்பியது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. முதலில் கடலின் விளிம்பில் ஒரு வெளிச்சம், அதன் பிறகு வெள்ளைக் கோடு, கடைசியில்தான் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. கோடு நேராக ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக இந்தத் தீவில் கப்பலுக்கும் விமானத்துக்கும் மெயின்லேண்டு சாமானுக்கும் காத்திருந்தே காலம் கழித்தவள் நான். எங்கள் தெருவிலிருந்து ஒரு பொருள் அவ்வளவு உயரத்துக்குப் போவதைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

கோடு நின்றது. உச்சியில் பஞ்சு போல ஒரு வெண்மை பரவியது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நளினியின் முகம் மாறியது. முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் சமிக்ஞை நின்றுவிட்டது, உடல் இரண்டாகிவிட்டது என்றாள். பிறகு விருந்தாளிகள் சாப்பிடப் போனார்கள்.

செல்வி யாரையும் கேட்காமல் அண்ணனின் படகில் ஏறிவிட்டாள். மதியத்துக்கு மேல்தான் திரும்பி வந்தார்கள். குழாயின் மேல் பாதி மிதந்து கிடைத்திருந்தது. ஜெட்டியில் அதை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒட்டு இருந்த ஓரத்தை விரலால் தடவினாள். பிய்ந்த இடம் நார் நாராகக் கிழிந்திருக்கவில்லை. உரித்த தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. அப்படியிருந்தால் ஒட்டு பிடிக்கவே இல்லை என்று அர்த்தமாம். நந்தகுமார் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் ஒட்டுதான் சார் விட்டுட்டு" என்றாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். தோல்விதானே, அவர்களுக்குப் பழகியதுதான். மறுநாள் பத்திரிகைகளில் நீள்வான் கம்பெனியின் அறிக்கை வந்தது. எங்கள் வடிவமைப்பில் எந்தக் குறையும் இல்லை, லோக்கல் லேபர் செய்த தரமற்ற வேலையால்தான் இந்தப் பின்னடைவு என்று அதில் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரே வரி. முந்தின நாள் வரைக்கும் அந்த ராக்கெட்டில் எங்கள் ஊர் ஆள் கை பட்டதாகவே அவர்களுக்குத் தெரியாது. விழுந்ததும் தெரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள் போர்ட் பிளேரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். பத்திரிகைக்காரர்களும் பணம் போட்டவர்களும் வந்திருந்தார்கள். செல்வி போகிறேன் என்றாள். நானும் நளினியும் கூடப் போனோம். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரவிச்சந்திரன் பேசி முடித்து, கேள்வி உண்டா என்றதும் எழுந்துவிட்டாள்.

"நீங்க எழுதியிருக்கிற லோக்கல் லேபர் நான்தான் சார். எம் பேரு ஆரோக்கியசெல்வி. டாலிகஞ்ச்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"விட்டது என் ஒட்டுதான். இல்லேன்னு சொல்ல நான் வரல. காயுறதுக்கு முன்னாடியே காஞ்சிட்டுன்னு நினைச்சேன். அது என் தப்பு."

ரவிச்சந்திரனின் முகம் தெளிந்தது. உங்களுடைய நேர்மைக்கு நன்றி அம்மா, உட்காருங்கள் என்றார்.

"உக்கார வரல சார். கடற்கரையில மைக்கு போட்டு என்ன சொன்னீங்க? பாடி உங்க லேப்ல செஞ்சதுன்னு சொன்னீங்கல்லா? உங்க லேப்ல செஞ்ச பாடியில என் ஒட்டு எப்படி வந்துச்சு?"

அவர் இதெல்லாம் தொழில்நுட்ப விஷயம், வெளியே தனியாகப் பேசலாம் என்றார்.

"தனியாப் பேச என்ன இருக்கு? சீதா பாத், நேராச் சொல்லுங்க. ஏறும்போது எம் பேரு இல்ல. விழும்போது மட்டும் லேபர்னு வந்துட்டு. தப்பு என்னுதுன்னா வேலையும் என்னுதுதான். எழுதுனா ரெண்டையும் எழுதுங்க. இல்லேன்னா ரெண்டையும் நீங்களே வச்சிக்கோங்க."

பின்வரிசையில் இருந்த வங்காளிப் பத்திரிகைக்காரர் ஒருவர், அந்த அம்மா க்யா போல் ரஹா, என்னதான் சொல்கிறார் என்று கேட்டார். நளினி எழுந்து அத்தனையையும் ஹிந்தியில் சொன்னாள். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. ரவிச்சந்திரன் நந்தகுமாரைப் பார்த்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன்தானே, தன் பக்கம் பேசுவான் என்று நினைத்திருப்பார். நந்தகுமார் எழுந்தான். உடல் முழுவதும் டாலிகஞ்சில் இவர் சுற்றியது, இஞ்சின் நாங்கள் செய்தது, கம்பெனி செய்தது மிதவையும் பந்தலும் விளம்பரமும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தாமதமாகச் சொன்னான் என்று எனக்கு இன்றைக்கும் அவன்மேல் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் சொன்னான்.

இவ்வளவு நடந்து என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு ஹிந்திப் பத்திரிகை மட்டும் செல்வியின் பெயரைப் போட்டது, அதுவும் தப்பாக. மற்றவை ஒன்றும் போடவில்லை. கம்பெனி ஒரு திருத்தம் வெளியிட்டது. லேபர் என்பதை எடுத்துவிட்டு 'ஒப்பந்தப் பணியாளர்' என்று மாற்றியிருந்தார்கள். அவள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. ரவிச்சந்திரன் சென்னைக்குப் போனவர் பிறகு போனை எடுக்கவில்லை. அனுமதி கம்பெனியின் பெயரில் இருந்ததால் அதுவும் அவரோடு போய்விட்டது. எங்கள் ஆட்கள் மறுபடியும் முதல் படியில் நின்றார்கள்.

செல்விக்கு இதைவிட வலித்தது வேறு. படகுக்காரர்களில் சிலர் டிங்கியை அவளிடம் கொண்டுவரத் தயங்கினார்கள். ராக்கெட்டில் ஒட்டு விட்டவள் என்று ஜங்லிகாட்டில் பேச்சு. அல்போன்ஸ் அங்கே ஒருவனோடு கைகலப்பு வரைக்கும் போய்விட்டான். அவள் அண்ணனைத்தான் திட்டினாள். ஒட்டு விட்டது நிசம்தானே, அவனை எதுக்குண்ணே அடிக்கணும் என்றாள். எத்தனை வருஷமாக அவள் ஒட்டிய படகுகளில் இவர்கள் கடலுக்குப் போய் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள். அதை யாராவது பேசினார்களா?

நந்தகுமார் வெட்கத்தில் அந்தப் பக்கமே வராமல் இருந்தான். மழைக்காலம் முழுக்க வரவில்லை. நளினிதான் ஒருநாள் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான். உள்ளே வர அவள் சொல்லவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டுகளைச் செய்து, ஒவ்வொன்றின் முனையிலும் பழைய படகு இஞ்சினைக் கட்டித் தொங்கவிட்டு, எது எப்போது பிய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே என்னைக் கேக்காம எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க சார்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

சரி என்றான். போட மாட்டேன் என்றான். அதற்குப் பிறகுதான், அந்தக் கயிற்றைப் பிடிங்க என்று அவனிடம் சொன்னாள்.

மறுபடியும் அனுமதிக்கு எழுதினார்கள். இந்தத் தடவை உடல் செய்பவர் ஆரோக்கியசெல்வி என்று தெளிவாகப் போட்டார்கள். ஒரு அதிகாரி அதைப் படித்துவிட்டு, இவருடைய படிப்பு என்ன என்று கேட்டிருக்கிறார். பத்தாவது என்று அவள் சொன்னாள். விண்வெளிக்கு இது போதுமா என்று அவர் கேட்டார். போதாதுதான், அதனால்தான் கூட ஒரு இஞ்சினியரையும் டீச்சரையும் வைத்திருக்கிறேன் என்றாளாம். அவர் சிரித்துவிட்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்கு வரைக்கும் போடவில்லை. போன வாரம் போனபோது, வேறொரு சோதனைக்காக வானத்தை மூடப்போகிறார்கள், அது முடிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அனுமதி வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. புது உடலை நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாகச் சுற்றி முடித்துவிட்டாள். கொட்டகையின் பின்சுவரிலிருந்து தொடங்கி வாசலைத் தாண்டித் தெருவுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. தார்ப்பாயைப் போட்டு மூடி, முனையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். வேனும் ஆட்டோவும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போக வேண்டும். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இன்று காலையில் ஒரு ஆள் வந்தார். தெருவை யார் ஆக்கிரமிக்கிறார்கள் என்று பார்க்கிற வேலையாம். நீட்டிக்கொண்டிருப்பதை டேப் வைத்து அளந்தார். இது என்ன, தண்ணீர்க் குழாயா என்று கேட்டார். செல்வி உருளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். உடனே எடுக்கச் சொல்லி அவர் குரலை உயர்த்துவது கடை வரைக்கும் கேட்டது. இரண்டு வீடு தள்ளி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கான்ட்ராக்டரின் ஜல்லிக் குவியல் மாதக்கணக்கில் கிடக்கிறது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கல்லாவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன்.